வீட்டுக்கல்விப் பிள்ளைகள்: வேதம் இன்னொரு பாடமாகிவிடாமல் குடும்ப ஜெபம் நடத்துவது எப்படி?

பாளை_அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகள் மூன்று பேர்: 11, 7, 4 வயது. மூவருக்கும் வீட்டுக்கல்விதான். சி.எஸ்.ஐ. சபை. காலை 9 மணிக்கு வேதபாடம் 45 நிமிடம்: வாசிப்பு, கேள்வி பதில், மனப்பாட வசனம். இரவு 8.30க்குக் குடும்ப ஜெபம் அரை மணி நேரம்: பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு ஜெபம்.

மூத்தவன் ராத்திரி வேதத்தைத் திறந்தாலே "இதுலயும் கேள்வி உண்டா?" என்கிறான். நடுவுள்ளவள் வசனத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள், பொருள் கேட்டால் விழிக்கிறாள். சின்னவன் பாட்டு முடிந்ததுமே பாயில் உருளத் தொடங்கிவிடுகிறான். பகல் முழுக்க டீச்சர், ராத்திரியும் அதே குரல். வேதம் பரீட்சைப் பாடமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு நேரம், என்ன வரிசை, எதைக் குறைப்பது, எதை விடவே கூடாது? நடைமுறையாகச் சொல்லுங்கள்.

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்

சிஸ்டர், முதலில் ராத்திரி ஜெபத்தில் கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்துங்கள். "இன்னைக்கு என்ன வாசிச்சோம்?" என்று கேட்பதுகூட வேண்டாம். கேள்வி வரும் என்று தெரிந்த பிள்ளை வார்த்தையைக் கேட்காது, விடையைத்தான் தேடும். படிப்பதற்குக் காலை, கேட்பதற்கு ராத்திரி. இந்த வேலியை நீங்கள் தாண்டாமல் இருந்தால் மூத்தவன் இரண்டு மூன்று வாரத்தில் தளர்ந்து உட்காருவான்.

அடுத்தது நேரம். 4 வயதுப் பிள்ளைக்கு 8.30 ரொம்பப் பிந்தியது. உருளுவது அடங்காமை இல்லை, தூக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், 7 மணிவாக்கில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தையும் 15 நிமிடமாக்குங்கள். பாட்டு 3 நிமிடம்: பல்லவியும் இரண்டு சரணமும் போதும், ஒரு வாரம் முழுக்க ஒரே பாட்டு. அப்போதுதான் வாசிக்கத் தெரியாத சின்னவனும் வியாழக்கிழமைக்குள் சேர்ந்து பாடுவான். வாசிப்பு 3 நிமிடம். பெரியவர்களில் ஒருவர் அதைப் பற்றி இரண்டே வாக்கியம். ஜெபம் 5 நிமிடம். பரமண்டல ஜெபமும் கிருபையும் (முடிவில் சொல்லும் ஆசீர்வாதம்) எல்லாரும் சேர்ந்து.

"ஒரு அதிகாரம்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அது அளவே இல்லை. சங்கீதம் 117 இரண்டே வசனம். மாற்கு 14ஆம் அதிகாரம் 72 வசனம். சங்கீதம் 119 என்றால் 176. ஒரு நாள் 10 முதல் 12 வசனம், சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். மாற்குவில் தொடங்குவது நல்லது. 16 அதிகாரம்தான், ஆள் நடமாட்டம் அதிகம், வாரம் ஆறு நாள் வாசித்தால் பத்துப் பதினோரு வாரத்தில் முடிந்துவிடும். பிறகு ஆதியாகமம். அங்கே 34, 38 அதிகாரங்களையும், நியாயாதிபதிகள் 19, 2 சாமுவேல் 11, 13 ஆகியவற்றையும் நீங்கள் முதலில் தனியாக வாசித்துவிட்டு, சின்னவர்கள் இருக்கும்போது வேண்டுமா என்று முடிவெடுங்கள். 11 வயதுக்காரனுக்கு அவற்றை ஒளிக்க வேண்டியதில்லை, ஆனால் அப்பாவோ அம்மாவோ அவனோடு தனியாக வாசிக்க வேண்டிய பகுதிகள் அவை.

சின்னவனுக்கு ஜெபத்தில் ஒரு வேலை கொடுங்கள். பாய் விரிப்பது, பாட்டுப் புத்தகம் எடுத்து வருவது, கடைசி "ஆமென்" அவன் சொல்வது. அவன் ஜெபம் ஒரே வாக்கியம்: "இயேசப்பா, ____க்காக நன்றி." கோடிட்ட இடத்தில் ஆட்டுக்குட்டி வந்தாலும் இட்லி வந்தாலும் திருத்தாதீர்கள்.

வசனப்பெட்டி

மனப்பாடம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மகள் கடகடவென்று ஒப்பிப்பதற்குப் பாதிக் காரணம் பழைய திருப்புதலின் (பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பின்) வாக்கிய அமைப்பு. யோவான் 3:16ஐ எடுங்கள். "தேவன்" என்று தொடங்கி, முழு வசனத்தையும் தாண்டித்தான் "அன்புகூர்ந்தார்" வருகிறது. யார், என்ன செய்தார் என்பது இரண்டு முனையில் இருக்கிறது. நடுவில் உள்ளதைப் பிள்ளை ஓசையாகத்தான் பிடிக்கும். அதனால் முதலில் பெயரையும் வினையையும் ஒட்டிச் சொல்ல வையுங்கள்: "தேவன் அன்புகூர்ந்தார்." எவ்வளவாய்? "அவரைத் தந்தருளி, இவ்வளவாய்." யாரை? "தம்முடைய ஒரேபேறான குமாரனை." எதற்காக? "அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு." நான்கு நாள், நாளுக்கு ஒரு கேள்வி. ஐந்தாம் நாள் வசனத்தை உள்ளபடி சேர்த்துச் சொன்னால் பொருள் கூடவே வரும்.

சொற்களும் வழுக்கும். சங்கீதம் 23இல் "நான் தாழ்ச்சியடையேன்" என்றால் பிள்ளைகள் "தாழ்ந்து போகமாட்டேன்" என்றே எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு குறைவும் வராது என்பது அங்கே பொருள். "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்" என்பதில் அமர்ந்த என்றால் அலையில்லாத, அண்டையில் என்றால் பக்கத்தில். ஒரு வசனத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல் விளக்காதீர்கள். விளக்கம் வசனத்தைவிட நீளமானால் அது கரும்பலகைப் பாடம்தான். தாழ்ச்சியடையேன், பயப்படேன் இரண்டும் ஒரே வகை எதிர்மறை வினை என்பதைத் தமிழ் இலக்கண நேரத்தில் காட்டுங்கள், அங்கே நன்றாக உட்காரும்.

இனி, படித்தது மறக்காமல் இருக்க ஒரு பெட்டி. 3க்கு 5 அங்குல அட்டைகள், நடுவே 41 தடுப்பு அட்டைகள்: "தினம்" 1, "ஒற்றை" 1, "இரட்டை" 1, கிழமைகள் 7, தேதிகள் 1 முதல் 31. புது வசனம் "தினம்" தடுப்பின் பின்னால். தடுமாறாமல் வந்ததும் ஒற்றை அல்லது இரட்டைத் தேதிக்குப் போகும், பிறகு ஒரு கிழமைக்கு, கடைசியில் ஒரு தேதிக்கு. இன்று 14ஆம் தேதி, செவ்வாய் என்றால் தினம், இரட்டை, செவ்வாய், 14 ஆகிய நான்கு இடத்து அட்டைகளை மட்டும் எடுத்தால் போதும். ஐந்தாறு நிமிட வேலை.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். "தினம்" பகுதியில் ஒரே வசனம்தான் இருக்க வேண்டும். ஆர்வத்தில் மூன்று வைத்தால் மூன்றும் அரைகுறையாகும். 29, 30, 31 தேதிகளில் கடினமான வசனத்தை வைக்கக் கூடாது, ஏனென்றால் அந்தத் தேதிகள் எல்லா மாதமும் வராது. மூத்தவனுக்கும் மகளுக்கும் ஒரே பெட்டி போதும். ஒப்பிப்பதற்கு நட்சத்திரம், மிட்டாய், மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

தூத்துக்குடி_அப்பா

காலை 45 நிமிடம் அதிகம். 20 நிமிடம் போதும். மிச்சத்தை மற்றப் பாடங்களுக்குள் கொண்டுபோகலாம், ஆனால் நிஜமான தொடர்பு இருக்கிற இடத்தில் மட்டும். கணக்குக்கு ஒரு வசனம், தாவரவியலுக்கு ஒரு வசனம் என்று ஒட்டவைத்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கும் போகும், வசனமும் போகும்.

தொடர்பு நிஜமாக இருக்கிற சில இடங்கள்:

அப்போஸ்தலர் 27. பவுலின் கப்பல் சேதம். விழுது (ஆழம் பார்க்கும் கயிறு) விட்டுப் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், கொஞ்சம் தள்ளி 15 பாகம். நம் கடற்கரையில் மீனவர் ஆழம் சொல்கிற அதே "பாகம்"தான், ஏறத்தாழ 6 அடி. அப்படியென்றால் 120 அடி 90 அடியாகிறது. தரை நெருங்குகிறது, இருட்டு, பாறையில் மோதும் பயம். அதனால்தான் அடுத்த வசனத்தில் பின்னணியத்திலிருந்து (கப்பலின் பின்பகுதியிலிருந்து) நான்கு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலில் 276 பேர். ஒரு நூலில் ஈயக்குண்டு கட்டி, ஆறு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு மூத்தவன் கையில் கொடுங்கள். மெலித்தா தீவு இன்றைய மால்டா; வரைபடத்தில் கிரேத்தாவிலிருந்து கோடு போடட்டும்.

ஆதியாகமம் 6. பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழத்தை 45 செ.மீ. என்று வைத்தால் 135 மீட்டர், 22.5 மீட்டர், 13.5 மீட்டர். கயிற்றை எடுத்துக்கொண்டு தெருவில் அளந்தால் 7 வயதுக்கும் பெருக்கல் வரும். மகளுடைய முழம் 45 செ.மீ. இருக்காது, அப்பாவுடையது அதிகமிருக்கும். பொது அளவு ஏன் வேண்டும் என்ற பாடமும் அங்கேயே கிடைக்கிறது.

வரலாற்றுக்குத் தரங்கம்பாடி. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே 1715இல் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். மூத்தவனை ஒரு பத்தியை 1 செ.மீ. எழுத்திலும் பிறகு அரை செ.மீ. எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து பாதியானால் காகிதம் பாதியாகாது, கால்வாசியாகும். அகலமும் உயரமும் சேர்ந்து குறைவதால்.

பின்னால் வரப்போகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்.ஐ.ஓ.எஸ். (தேசிய திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுவதாக இருந்தால் 14 வயது முடிய வேண்டும். பொதுத்தேர்வு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். ஏப்ரல் தேர்வு பரிசுத்த வாரத்தை ஒட்டி வரக்கூடும். லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம்) வீட்டில் கூடுதல் ஆராதனைகளைத் திட்டமிடுகிறவர்கள் அந்த வருடம் மட்டும் முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள்.

நாலு_பிள்ளைத்_தாய்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா சிஸ்டர் எழுதினதுல எனக்குப் பெரிசாத் தெரியுறது "அதே குரல்"ங்கிற வார்த்தை. அட்டவணையை மாத்தினா அது மாறாது.

பள்ளிக்கூடத்துல டீச்சர் கத்தினா பிள்ளை வீட்டுக்கு ஓடி வரலாம். வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு ஓட இடமில்ல. மத்தியானம் கணக்குல கத்தின அதே ஆள்தான் ராத்திரி "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது"ன்னு வாசிக்கிறது. அந்த இடைவெளியப் பிள்ளை நம்மளவிட நல்லாப் பாக்கும். அதனால ஜெபத்துக்கு உட்காருறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "மத்தியானம் நான் கத்தினது தப்பு. மன்னிச்சிரு." அதோட நிறுத்தணும். "ஆனா நீயும்..."னு ஆரம்பிச்சா அது மன்னிப்பு இல்ல, அடுத்த திட்டு. கொலோசெயர் 3:21ல பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்னு பிதாக்களுக்கு எழுதியிருக்கு, அது நமக்கும்தானே.

ரெண்டாவது, ஜெபத்துக்குள்ள பிள்ளையத் திட்டாதீங்க. "ஆண்டவரே, இவன் பொய் சொல்றான், இவன் இருதயத்த மாத்தும்"னு தம்பி தங்கச்சி முன்னால சத்தமா ஜெபிக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல ரொம்ப உண்டு. அது ஆண்டவர்ட்ட பேசுறதில்ல, கண்ண மூடிக்கிட்டுப் பிள்ளைட்ட பேசுறது. அவன் காதுல விழுறது அவமானம் மட்டும்தான். அத நீங்க தனியா முழங்கால்ல சொல்லுங்க. குடும்ப ஜெபத்துல அவனுக்காக நன்றி சொல்ல ஒரு காரியம் தேடி வச்சுக்கோங்க.

தப்பு செஞ்சதுக்கு நீதிமொழிகள் வசனத்த 50 தடவ எழுதச் சொல்ற தண்டனையும் வேண்டாம். அந்த வசனத்தப் பெறகு எப்பப் பார்த்தாலும் கை வலிதான் ஞாபகம் வரும். பொய் சொன்னா, யார்ட்ட சொன்னானோ அவங்கட்டப் போய் உண்மையச் சொல்ல வைங்க. உடைச்சா ஒட்டட்டும்.

ஜெபக் குறிப்புக்கு ஒரு நோட்டு வைங்க. இடது பக்கம் தேதியும் கேட்டதும், வலது பக்கம் நடந்தது. கிடைக்காததையும் "கிடைக்கலை"ன்னு எழுதணும். கிடைச்சத மட்டும் எழுதினா 11 வயசுக்காரன் சீக்கிரமே கேட்பான். "தாத்தாவுக்காக ஜெபிச்சோமே, ஏன் இறந்தாங்க?"ன்னு கேட்டா உடனே பதில் கட்டாதீங்க. சங்கீதம் 13ஐயும் 88ஐயும் அவனோட சேர்ந்து வாசிங்க. 88 இருட்டுலயே முடியுது, கடைசில ஆறுதல் வரி கிடையாது. அப்படி ஒரு ஜெபமும் வேதத்துல இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்.

பாளை_அம்மா

எல்லாருக்கும் மிக்க நன்றி. திட்டுகிற ஜெபம் பற்றி எழுதினது எனக்கேதான். இன்னும் இரண்டு. வீட்டுக்காரருக்கு ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. 7 மணிக்கு அவர் இருக்க மாட்டார். அத்தை (பிள்ளைகளின் ஆச்சி) எங்களோடு இருக்கிறார்கள்; பிள்ளைகளை 5 மணிக்கு எழுப்பி அதிகாலை ஜெபத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மறுத்தால் வருத்தப்படுவார்கள். தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் சாயங்காலம் படிக்க வருகிறார்கள், வேறு மதம். ஜெப நேரத்தில் அவர்களை என்ன செய்வது?

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்

ஷிப்டுக்கு: ராத்திரி வேலை வாரத்தில் அவர் கிளம்புவதற்கு முன், சாப்பாட்டுக்கு உட்காரும்போது 5 நிமிடம். ஒரு சங்கீதத்தின் நாலைந்து வசனம், ஒரு ஜெபம், ஒவ்வொரு பிள்ளை தலையிலும் கை வைத்து ஆசீர்வாதம். பாட்டெல்லாம் 7 மணிக்கு உங்களோடு. அவர் வாரம் முழுக்க வாசிக்க வேண்டிய பகுதிகளை ஞாயிறு மத்தியானம் போனில் பதிவு செய்துவைத்தால் பிள்ளைகள் அப்பா குரலிலேயே கேட்பார்கள். மூன்று நிமிடம் வீதம் ஆறு பதிவு, இருபது நிமிடத்தில் முடியும். நேரம் மாறினால் பரவாயில்லை. "அப்பா வந்ததும்" என்று தள்ளிப்போடுவதில்தான் ஜெபமே நின்றுபோகிறது.

தெருப் பிள்ளைகளுக்கு: அவர்கள் அம்மா அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள்: "ஏழு மணிக்கு நாங்க ஜெபம் பண்ணுவோம், அதுக்கு முன்னாடி அனுப்பிடவா, இல்ல இருக்கட்டுமா?" அனுப்பச் சொன்னால் 6.50க்கு அனுப்பிவிடுங்கள். இருக்கட்டும் என்றாலும் ஜெபிக்கவோ வசனம் சொல்லவோ அவர்களைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகளிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நாலு_பிள்ளைத்_தாய்

அத்தைக்கு: அஞ்சு மணிக்கு எல்லாரையும் எழுப்பினா பத்து மணிக்குக் கணக்குல தூங்குவாங்க, அந்தக் கோபம் மறுபடி உங்க குரல்ல வரும். ஆனா "முடியாது"ன்னு சொல்லாதீங்க. மூத்தவன மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை ஆச்சியோட எழும்பச் சொல்லுங்க, முந்தின ராத்திரி ஒன்பதுக்கே படுக்க வச்சு. ஆச்சி பக்கத்துல உட்கார்ந்து அவங்களோட பழைய வேதத்துல, அவங்க கோடு போட்ட வசனங்கள வாசிக்கட்டும். ஏன் கோடு போட்டீங்கன்னு அவன் ஒவ்வொண்ணுக்கும் கேட்கட்டும். ஆச்சி சொல்றத அவனே தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சா, வாரத்துக்கு ஒரு தமிழ்க் கட்டுரையும் ஆச்சு. கடைசில பால் போடாத சுக்குக் காப்பி ரெண்டு பேருக்கும்.