இடைநிலைப்பள்ளியில் வரலாறு, புவியியல் ஆசிரியராக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் பகிருங்கள்

ஜெலுத்தோங் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மகள் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்க வேண்டும் என்கிறாள். "ஏதாவது ஒரு டிகிரி எடுக்கட்டும், டீச்சர் ட்ரெய்னிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அது சரிதானா? எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

செந்தூல் ஆறாம் படிவ ஆசிரியர்:
அக்கா, அந்த யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வரலாற்று ஆசிரியருக்கான பாதை பட்டப்படிப்புக்குப் பின்பு அல்ல, எஸ்.பி.எம். முடிவு கையில் வந்த வாரத்திலேயே பிரிந்துவிடுகிறது.

முதலில் எஸ்.பி.எம். சான்றிதழைப் பாருங்கள். மலாய்மொழியில் கிரெடிட், அதாவது சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான நிலை, இருக்க வேண்டும். வெறும் தேர்ச்சி போதாது. அந்தக் கிரெடிட் இல்லாமல் அரசாங்க ஆசிரியர் பதவி கிடைக்காது. 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். மலாய்மொழியில் தவறியவர்கள் மறுதேர்வு எழுதலாம். அதை உடனே எழுதிவிட வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பின்னால் நிறையவே தவித்திருக்கிறார்கள்.

அடுத்தது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷன். இடம் கிடைத்ததே என்று சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது அறிவியல், பொறியியல், கணினி, கணக்கியல் பிரிவுகள்தான். வரலாறு, புவியியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு நேரான வழி ஆறாம் படிவக் கலைப்பிரிவு. அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று செமஸ்டர். பொது அறிவுப் பாடமான பெங்காஜியான் ஆம் கட்டாயம். அதோடு வரலாறு, புவியியல், பொருளியல், தமிழ்மொழி போன்றவற்றிலிருந்து எடுக்கலாம். வரலாற்று ஆசிரியராக விரும்பும் பிள்ளை வரலாற்றை விட்டுவிட்டு 'சுலபமான' பாடத்தைத் தேடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் முதன்மைப் பாடம் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. தரப்புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தைப் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். சங்கச் செயலாளர், மாவட்ட அளவிலான போட்டி என எதற்கெல்லாம் சான்றிதழ் கிடைத்ததோ, அத்தனையையும் முதல் செமஸ்டரிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழகத்துக்கான ஆங்கிலத் தேர்வான மூயெட்டையும் கடைசிவரை தள்ளாதீர்கள்.

பட்டர்வொர்த் டீச்சர்:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு இடைநிலைப்பள்ளியில் 'சமூகவியல்' என்று ஒரே பாடமாக எதுவும் இல்லை. வரலாறு, புவியியல், நன்னெறிக்கல்வி மூன்றும் தனித்தனி. புவியியல் மூன்றாம் படிவம்வரை எல்லாருக்கும் உண்டு, நான்காம் படிவத்திலிருந்து விருப்பப் பாடம். வரலாறுதான் ஐந்தாம் படிவம்வரை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயம். எதில் பட்டம் எடுக்கிறோமோ அதுவே நம்முடைய 'ஓப்ஷன்'. நியமனத்தின்போது பார்ப்பது அந்த ஓப்ஷனைத்தான். பள்ளிக்குப் போன பிறகு ஆள் பற்றாக்குறையால் வேறு பாடமும் தரலாம். வரலாற்று வகுப்புகளே அப்படி வேறு ஓப்ஷன் ஆசிரியர்கள் கைக்குப் போவதுண்டு, அது வேறு கதை.

பட்டத்துக்கு இரண்டு வழிகள்.

கல்வியியலோடு இணைந்த இளங்கலைப் பட்டம் முதல் வழி. பொதுவாக நான்கு ஆண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், நாம் உப்சி என்போமே, அங்கே வரலாறு, புவியியல், நன்னெறிக்கல்வி மூன்றுக்கும் தனித்தனிக் கல்வியியல் பட்டங்கள் உண்டு. நம் பினாங்கில், குளுகோர் மிண்டன் வளாகத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கல்வியியலுடன் கூடிய கலைப் பட்டம் இருக்கிறது. படிப்பை முடிக்கும்போதே ஆசிரியத் தகுதியும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது வழி, முதலில் வரலாற்றில் சாதாரணக் கலைப் பட்டம், பிறகு பட்டதாரிகளுக்கான கல்வியியல் டிப்ளோமா. உங்கள் உறவினர்கள் சொல்வது இதைத்தான். தவறான வழி அல்ல, உத்தரவாதம்தான் குறைவு. கல்வி அமைச்சு எடுக்கும் டிப்ளோமா இடங்களில் எந்த ஓப்ஷனுக்கு ஆள் தேவையோ அதை மட்டும்தான் அறிவிப்பார்கள். வரலாறு எல்லா முறையும் அந்தப் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சொந்தச் செலவில் டிப்ளோமா முடித்தாலும் வேலை தானாக வராது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். எஸ்.பி.எம். முடித்தவர்கள் சேரும் ஆசிரியர் பயிற்சிக் கழகப் பட்டம் தொடக்கப்பள்ளிக்கானது. தமிழ்ப்பள்ளிக்குப் போக விரும்பினால் அது நல்ல வழி. இடைநிலைப்பள்ளி வரலாறு அந்த வழியில் வராது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
அரசியல் அறிவியலிலோ அனைத்துலக உறவிலோ பட்டம் எடுத்தால் வரலாற்று ஓப்ஷனாகக் கணக்கில் எடுப்பார்களா? தம்பி ஒருவர் கேட்கிறார்.

பட்டர்வொர்த் டீச்சர்:
எடுப்பார்கள் என்று நம்பிச் சேர வேண்டாம். டிப்ளோமா விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயரையும், மதிப்பெண் பட்டியலில் முதன்மைப் பாடம் என்ன என்பதையும் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வரலாற்றுத் தாள்கள் படித்திருந்தால் மட்டும் வரலாற்று ஓப்ஷன் ஆகிவிடாது. தனியார் பல்கலைக்கழகமோ வெளிநாட்டுப் பட்டமோ என்றால், சேருவதற்கு முன்பே மலேசியத் தகுதி ஆணையமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் முழுப் பெயரைத் தேடிப் பாருங்கள். பல்கலைக்கழகம் பெயர்பெற்றது என்பது மட்டும் போதாது, அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதே முக்கியம்.

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்:
கல்வியியல் பட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். ஒன்று மெட்சி தேர்வு. ஆளுமை, தொழில் ஆர்வம், நேர்மை, உணர்வு நுண்ணறிவு ஆகியவற்றைப் பார்க்கும் வினாத்தாள் அது. 'நல்ல பிள்ளை' மாதிரி காட்டிக்கொள்ளப் பதிலைத் திரிப்பவர்கள் ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் அதற்கு நேர்மாறாகவும் எழுதிவிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் வழி.

அடுத்தது நேர்முகத் தேர்வு. தேசியக் கல்வித் தத்துவத்தை ஒப்பிப்பவர்கள் ஏராளம். "அதில் உள்ள 'சமநிலை' என்ற சொல்லை உன் வகுப்பில் எப்படிக் கொண்டுவருவாய்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அறிவில் குறையே இல்லை, மலாயில் தொடர்ந்து நான்கு நிமிடம் பேசுவதில்தான் தயக்கம். வரலாற்றுப் பாடம் நடப்பதே மலாய்மொழியில். மலாய் நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் ஒன்று வாசித்து, அதன் சாரத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மூன்று மாதம் போதும், வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

செராஸ் வழிகாட்டி ஆசிரியை:
பயிற்றுப்பணிக்கு வரும் மாணவ ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டம் பழுக்கும் இடம் இதுதான்.

எல்லாரும் பாடநூலை நன்றாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வகுப்பில் அதைச் சத்தமாக வாசிப்பதே பாடம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நாள் பாடத்திட்டத்தில் நோக்கம், வெற்றிக் கூறுகள், நடவடிக்கை, மதிப்பீடு, சிந்தனை மீட்சி எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரப் பாடத்தில் பீடிகைக்கே பதினைந்து நிமிடம் போய்விடும். பீடிகைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த பத்து நிமிடம் ஒரு மூலச் சான்று. பிறகு இருபத்தைந்து நிமிடம் மாணவர்கள் வேலை செய்யட்டும். எஞ்சியது கலந்துரையாடலுக்கும் மதிப்பீட்டுக்கும்.

மூலச் சான்று என்றால் பெரிதாக எதுவும் தேட வேண்டியதில்லை. பிரிட்டிஷாருக்கும் பேராக் மலாய்த் தலைவர்களுக்கும் இடையே 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆண்டை ஒப்பித்துவிடுவார்கள். பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு சுல்தான் நடக்க வேண்டும், மலாய்க்காரரின் சமயமும் பழக்கவழக்கமும் மட்டும் அதற்கு விலக்கு என்று சொல்லும் கூற்றைத் திரையில் காட்டுங்கள். "வரி வசூலிக்கும் உரிமை எந்தப் பக்கம் போகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்ட் பெர்ச் ஏன் கொல்லப்பட்டார் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படிக் கற்ற மாணவன் எஸ்.பி.எம். இரண்டாம் தாளில் வெறும் தகவலோடு நிற்காமல் காரணத்தையும் விளக்கத்தையும் சேர்த்து எழுதுவான். விளக்கம் இல்லாததால்தான் அங்கே புள்ளிகள் போகின்றன.

இன்னொன்று, வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையை அன்றன்றே பதிய வேண்டும். பயிற்சியின் கடைசி வாரத்தில் நாற்பது பேருக்கும் நினைவிலிருந்து போடுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். இப்போது பட்டம் படிப்பவர்கள் புதிய கலைத்திட்டத்துக்கும் தயாராக வேண்டும். முதல் படிவத்தில் அது 2027இல் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

செந்தூல் ஆறாம் படிவ ஆசிரியர்:
பட்டம் கிடைத்ததும் அடுத்த நாளே பள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். கல்விச் சேவை ஆணையத்தில் விண்ணப்பித்து, அங்கே இன்னொரு நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். முன்பு டி.ஜி. 41 என்று இருந்த பட்டதாரி ஆசிரியரின் தொடக்கச் சம்பளத் தரம் 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் டி.ஜி. 9. சேர்ந்த பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டு தகுதிகாண் காலம். முதல் இடம் சபாவாகவோ சரவாக்காகவோ இருக்கலாம், இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நியமனம் வருவதற்குள் தனியார் பள்ளியில் சேருவதாக இருந்தால், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி ஆசிரியர் பதிவோ கற்பிக்கும் அனுமதியோ வேண்டும். அதைப் பள்ளி எடுத்துத் தருகிறதா என்று முதல் நாளிலேயே கேளுங்கள்.

ஜெலுத்தோங் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஆறாம் படிவம், வரலாற்றோடு புவியியல் என்று முடிவு செய்துவிட்டாள். மலாய்மொழியில் பி பிளஸ், அது கிரெடிட்தானே?

பட்டர்வொர்த் டீச்சர்:
கிரெடிட்தான். சந்தேகமே வேண்டாம். சான்றிதழின் நகலை இப்போதே உறுதிப்படுத்தி வைத்துவிடுங்கள், அக்கா.