ஜப்பானின் தேசிய அணி வலுப்பெற்றது கழக அகாடமிகளாலா, பள்ளிக் கால்பந்தாலா?

நடுக்களம் (கேள்வி):

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணி, அதே போட்டியின் முதற்சுற்றில் ஜப்பானை 2-0 என்ற கணக்கில் வென்றிருந்தது. அந்த ஜப்பான் 1998 முதல் ஓர் உலகக் கோப்பையைக்கூடத் தவறவிடவில்லை. 2022இல் கத்தாரில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது. 2026 போட்டிக்கு, அதை நடத்தும் நாடுகள் நீங்கலாக, முதலில் தகுதி பெற்ற அணியும் அதுதான்.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் கேட்டால், 1993இல் ஜே லீக் என்ற தொழில்முறை லீக்கைத் தொடங்கினார்கள், கால்பந்துக் கழகங்கள் (கிளப்புகள்) சிறுவர்களைப் பயிற்றி வளர்க்கும் அகாடமிகளை அமைத்தன என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரர்களின் பின்னணியைப் பார்த்தால் பலர் உயர்நிலைப் பள்ளி அணிகளிலிருந்தும், சிலர் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இது அரிது. அப்படியானால் இளையோர் கால்பந்தை வளர்க்க முனையும் ஒரு நாடு ஜப்பானிடமிருந்து எதைக் கற்றுக்கொள்வது? ஜப்பானியரின் ஒழுக்கம், உழைப்பு என்ற பதில் வேண்டாம். அதைக் கார் உற்பத்திக்கும் சொல்லிவிடலாம்.

பழைய பின்களம்:

நல்ல கேள்வி. ஆனால் கதையை 1993இலிருந்து தொடங்கினால் பாதிதான் தெரியும்.

1964 தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு அணியைத் தயார் செய்வதற்காக, டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரை 1960இல் அழைத்து வந்தார்கள். நாடு தழுவிய லீக் வேண்டும், பயிற்சியாளர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் பயனாக 1965இல் நிறுவன அணிகள் எட்டைக் கொண்டு ஒரு லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. குனிஷிகே கமமோட்டோ 7 கோல்களுடன் அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவரானார்.

அதன் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு தேக்கம். நல்ல பயிற்சியாளர் ஒருவரும் திறமையான ஒரு தலைமுறையும் அமைந்ததால் வந்த வெற்றி, அடித்தளம் அகலமாக இல்லாததால் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படவில்லை என்பதே என் கணிப்பு. 1993 அக்டோபரில் தோஹாவில், ஈராக்குக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் வாங்கிய சமன் கோலால் 1994 உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தபோது, ஜே லீக் தொடங்கி ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஜே லீக் செய்த பெரிய காரியம், வெளிநாட்டு நட்சத்திரங்களை அழைத்து வந்தது என்று நான் நினைக்கவில்லை. உறுப்பினராக விரும்பும் கழகம் இளையோர் அணிகளையும் நடத்தியாக வேண்டும் என்பதை நிபந்தனையாக்கினார்களே, அதுதான் பெரிது. 10 கழகங்களுடன் தொடங்கிய லீக்கில் இன்று மூன்று பிரிவுகளில் 60 கழகங்கள் இருக்கின்றன. ஆகவே அந்த நிபந்தனையும் நாடெங்கும் பரவியது. இதற்கு முன்பிருந்தே, வட்டாரம், மாகாணம், ஒன்பது மண்டலங்கள், தேசியம் என்று படிப்படியாகச் சிறுவர்களைக் கூட்டிப் பயிற்சி தரும் ஏற்பாட்டைக் கால்பந்துச் சங்கம் நடத்தி வந்தது. 1999இல் நைஜீரியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஜப்பான் இறுதியாட்டம் வரை சென்றதை இவ்விரண்டும் சேர்ந்து தந்த முதற்பலன் எனலாம். இறுதியில் ஸ்பெயினிடம் 4-0 எனத் தோற்றது வேறு கதை.

இடதுகால்:

மேலே சொன்னவை சரிதான். ஆனால் கேள்வியின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. அகாடமி வைத்திருக்கும் நாடுகள் பல. அகாடமியால் ஒதுக்கப்பட்ட சிறுவனுக்கு மறுநாள் விளையாட ஒரு தரமான அணி இருக்கும் நாடுகள் மிகச் சில. ஜப்பானின் தனித்தன்மை அதுதான்.

தேசிய அணியின் நட்சத்திரமாக விளங்கிய ஷுன்சுகே நகமுராவை எடுத்துக்கொள்ளுங்கள். யோகோஹாமா கழகத்தின் இளநிலை அணியில் இருந்த அவரை, 15 வயதுக்குப் பின் அடுத்த நிலைக்கு அந்தக் கழகம் உயர்த்தவில்லை. அவர் டோகோ ககுயென் பள்ளியில் சேர்ந்து விளையாடி, 1997இல் அதே கழகத்துக்கே தொழில்முறை ஆட்டக்காரராகத் திரும்பினார். கெய்சுகே ஹோண்டாவும் கம்பா ஒசாகாவின் இளநிலை அணியிலிருந்து மேலே செல்லாமல் பள்ளி வழியாக வந்தவர். பின்னர் 2010, 2014, 2018 என மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்தார். அதே கழகத்தில் அதே கட்டத்தில் நின்றுபோன டெய்ச்சி கமடா, கியோத்தோவில் ஒரு பள்ளி அணிக்கு ஆடி, பிறகு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் கழகத்துடன் 2022இல், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீக்கை வென்றார். 14, 15 வயதில் உயரமும் வலுவும் இன்னும் வராதவர்களைத் தேர்வாளர்கள் தவறாகக் கணிப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஜப்பானில் அந்தத் தவறு ஒருவருடைய ஆட்ட வாழ்வை முடித்துவிடுவதில்லை.

கத்தாரில் ஸ்பெயினுக்கு எதிரான இரண்டாவது கோலை நினைவுபடுத்திப் பாருங்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று உலகமே விவாதித்த பந்தைத் திருப்பி அனுப்பியவர் கவோரு மிதோமா, அதைக் கோலாக்கியவர் ஆவோ தனாகா. இருவரும் ஒரே தொடக்கப் பள்ளி, கவாசாகி கழகத்தின் ஒரே அகாடமி. தனாகா அகாடமியிலிருந்து நேராகத் தொழில்முறை அணிக்குச் சென்றார். மிதோமாவோ வந்த அழைப்பை மறுத்துவிட்டு, தன் உடல் இன்னும் தயாராகவில்லை என்று கருதிச் சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பந்தைக் காலோடு உருட்டிச் செல்லும் (டிரிப்ளிங்) கலையையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2020இல்தான் கவாசாகி அணிக்காகக் களமிறங்கினார். பிற நாடுகள் பலவற்றில் 22 வயதில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்குபவரை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

கோல் கம்பம்:

நண்பர் இடதுகால் பள்ளிக் கால்பந்தைச் சற்று அதிகமாகவே கொண்டாடுகிறார். நகமுரா, ஹோண்டா போன்றோரைச் சொல்லும்போது, நேரடியாக அகாடமி வழியே வந்த டகெஹிரோ டொமியாசு, ரிட்சு டோவான் ஆகியோரையும் சொல்ல வேண்டும். கத்தாரில் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் எதிராகக் கோல் அடித்த டோவான், ஹோண்டாவையும் கமடாவையும் மேலே அனுப்பாத அதே கம்பா ஒசாகாவின் தயாரிப்பு.

பள்ளிப் போட்டிகளின் குறையையும் பேச வேண்டும். 1918 ஜனவரியில் தொடங்கியதாகக் கணக்கிடப்படும் தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் 47 மாகாணங்களிலிருந்து 48 அணிகள் (தோக்கியோவுக்கு மட்டும் இரண்டு) ஆண்டு இறுதியில் மோதுகின்றன. தொலைக்காட்சி, நிறைந்த அரங்கு, கண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் அது தோற்றால் வெளியேறும் போட்டி. இறுதியாட்டத்துக்கு முன்புவரை சமநிலையானால் நேராகப் பெனால்டி. இத்தகைய அமைப்பில் பயிற்சியாளர் துணிந்து ஆட விடமாட்டார். பந்தைத் தூர உதைத்துப் பாதுகாப்பாக ஆடச் சொல்வார். நூறு மாணவர்களுக்கு மேல் சேரும் பெரிய பள்ளி அணிகளில் மூன்று ஆண்டுகள் பெஞ்சில்கூட இடம் கிடைக்காமல், பார்வையாளர் வரிசையில் முரசடித்துவிட்டுப் படிப்பை முடிப்பவர்களே அதிகம். இதைப் பார்த்து நாமும் பள்ளிகளுக்கு இன்னொரு கோப்பை நடத்தலாம் என்று யாராவது கிளம்பினால், குறையை மட்டும் இறக்குமதி செய்தவர்களாவோம்.

நடுக்களம்:

விளக்கங்களுக்கு நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. நூறு பேர் உள்ள அணியில் பெரும்பாலோர் ஆடவே இல்லையென்றால், இரண்டாவது வாய்ப்பு என்பது பெயரளவில்தானே?

இடதுகால்:

கோல் கம்பம் சொன்ன குறையை ஜப்பான் கால்பந்துச் சங்கமே உணர்ந்திருந்தது. அதனால்தான் 2003இல் ஒன்பது மண்டலங்களிலும் பிரின்ஸ் லீக்கையும், 2011இல் அதற்கு மேலே கிழக்கு, மேற்கு என்று இரு பிரிவுகளாகப் பிரீமியர் லீக்கையும் கொண்டு வந்தார்கள். கீழே மாகாண லீக்குகள். 18 வயதுக்குட்பட்ட கழக அணிகளும் பள்ளி அணிகளும் ஒரே லீக்கில் ஆடுகின்றன. நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், சறுக்கினால் கீழே இறங்க வேண்டும். ஒரு பள்ளியின் முதல் அணி ஒரு தளத்தில் ஆடும்போதே அதன் இரண்டாம் அணி அடுத்த தளத்தில் ஆட முடியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆட்டம் கிடைத்த வழி இதுதான். எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

12 வயதுக்குட்பட்டோருக்கும் இதே சிந்தனைதான். அவர்களுடைய தேசியப் போட்டியை 2011இல் பதினொருவர் ஆட்டத்திலிருந்து எட்டுப் பேர் ஆட்டமாக மாற்றினார்கள். களம் சிறியது, ஆட்கள் குறைவு. ஒவ்வொரு சிறுவனும் பந்தைத் தொடும் தடவைகள் கூடுகின்றன.

இன்னும் தீராத சிக்கலும் உண்டு. அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால், ஏப்ரல், மே, ஜூனில் பிறந்தவர்கள் வகுப்பில் மூத்தவர்கள். தேர்வு முகாம்களில் அவர்களே அதிகமாகத் தென்படுகிறார்கள். பிப்ரவரியில் பிறந்த சிறுவன் மந்தமானவன் அல்லன், ஏறக்குறைய பத்து மாதம் இளையவன்.

பழைய பின்களம்:

இதை இந்தியாவோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நாம் நடத்தியபோது, தேர்ந்தெடுத்த சிறுவர்களை நீண்டகால முகாமில் வைத்து, வெளிநாடுகளுக்கு அனுப்பித் தயார் செய்தோம். மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்தது மட்டுமே நம் கோல். அந்தச் சிறுவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களில் பலர் அடுத்து ஆடிய, இளையோருக்காக இந்தியக் கால்பந்துச் சங்கம் நடத்திய இந்தியன் ஆரோஸ் அணியும் 2022இல் கலைக்கப்பட்டது. முகாமுக்குத் தேர்வாகாத அதே வயதுச் சிறுவர்கள் அந்த ஆண்டுகளில் எந்த லீக்கில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆகவே நண்பர் நடுக்களம் கேட்டதற்கு என் பதில்: அகாடமியா பள்ளியா என்று தேர்வு செய்ய வேண்டியதில்லை, இரண்டும் ஒரே லீக்கில் ஆண்டு முழுவதும் மோதட்டும். அதை ஒரு மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். நடுவர்களுக்கான ஊதியமும், ஆண்டு முழுவதும் கிடைக்கும் மைதானமும்தான் அதற்குப் பெரிய செலவு.