கடற்படை விமான எதிர்ப்புக் கோதுகள்: இந்த நாலும் எந்த வகை?

ஒட்டுசுட்டான்_கோது

வணக்கம். நாலு வெற்றுக் கோது (சுட்ட ரவையின்ர உலோக உறை) இருக்கு. அளவு எல்லாம் மி.மீ.

அ) பித்தளை, நீளம் 311, கழுத்து ஒடுங்கினது, வாய் 40. அடியில் "40எம்எம் எம்25".
ஆ) பித்தளை, நீளம் 158, வாய் 40. பழைய இரும்புக்காரர் "வெட்டின போபர்ஸ்" (போபர்ஸ் எண்டது 40 மி.மீ. பீரங்கி) எண்டு சொல்லித்தான் தந்தவர்.
இ) பித்தளை, நீளம் 110, வாய் 20. ஒர்லிக்கன் பீரங்கியினதா ஹிஸ்பானோ பீரங்கியினதா?
ஈ) காந்தம் ஒட்டுது. நீளம் 152, வாய் 23. அடிப்பக்கம் வளையம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு.

இதில எது கப்பலினது? களிம்பை எதால எடுக்கிறது? தலையோட (முன்னால குண்டோட) இருக்கிற ஒண்டும் கொட்டிலுக்க கிடக்கு. பிரைமரில் (அடியில ஊசி அடிச்சு மருந்தைப் பத்தவைக்கிற பாகம்) பள்ளம் விழுந்திருக்கிறபடியால் அது வெடிச்சு முடிஞ்சதுதானே, தலையைக் கழட்டலாமா?

முல்லைக்கரை

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கழட்ட வேண்டாம், தொடவும் வேண்டாம். வெடிச்ச கோதில தலை இருக்காது. தலை இருந்து பிரைமரிலும் பள்ளம் இருந்தால், ஊசி அடிச்சும் பத்தாத ரவை எண்டு அர்த்தம். கோதுக்குள்ள மருந்து, பிரைமர், தலைக்குள்ள வெடிமருந்து மூண்டும் அப்பிடியே இருக்கும். 40 மி.மீ. வெடிதலையின் பியூஸ் (தலையை வெடிக்க வைக்கிற பொறி) விமானத்தின்ர மெல்லிய தகட்டில பட்டாலே வெடிக்கிறதுக்கெண்டு செய்தது. எத்தனையோ வருசம் மழையிலயும் உப்பிலயும் கிடந்த பியூஸ் இப்ப என்ன நிலையில் இருக்கெண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது.

கோது இல்லாமல் தலை மட்டும் கிடந்தால் இன்னும் மோசம். அதைச் சுத்தியுள்ள செப்புப் பட்டியில் சரிஞ்ச கீறல்கள் இருந்தால் குழலால போய் வெடிக்காமல் விழுந்தது. பியூஸ் வெடிக்கிறதுக்கு ஆயத்தநிலையில இருக்கும்.

கொட்டிலைப் பூட்டி, பிள்ளைகளையும் மாட்டையும் அப்பால எடுத்துப்போட்டு 119க்கு அடியுங்கோ, இல்லாட்டி பக்கத்தில வேலை செய்யிற கண்ணிவெடி அகற்றுற அணிக்குச் சொல்லுங்கோ. மோட்டார் சைக்கிளில கட்டிக்கொண்டு பொலிசுக்குப் போறது வேண்டாம், அவை வரட்டும்.

வெற்றுக் கோதிலும் ஒரு பொறி இருக்கு: பிரைமரில் பள்ளம் *இல்லாட்டி* அது உயிரோட இருக்கு. போபர்ஸ் பிரைமர் கருமருந்து நிரப்பின குழாய். துளைக்கிறது, சூடாக்கிறது, ஒட்டுறது எதுவும் ஆகாது.

வேணியர்

நல்லா அளந்திருக்கிறீங்கள். அடையாளத்துக்கு வருவம்.

அ: போபர்ஸ் எல்60, அமெரிக்கச் செய்கை. பிறகு வந்த எல்70இன் கோது 364. வாயை வெட்டிப் பூச்சாடி ஆக்கினதில் இரண்டையும் பிரிக்கிறது கஷ்டம், அடி விளிம்பு கிட்டத்தட்ட ஒண்டுதான். எம்25 தரைப்படைப் பெயர், ஆனால் கப்பலிலும் அதே கோது ஓடினது. அதால கப்பலா கரையா எண்டு கோதை மட்டும் வைச்சுச் சத்தியம் பண்ண ஏலாது.

ஆ: இதுதான் உங்கட சேகரிப்பில முத்து. பிரித்தானியக் கடற்படையின் "பொம்பொம்", இரண்டு இறாத்தல் பீரங்கி, 40×158. போபர்ஸை 158இல் வெட்டினால் அந்த இடத்தில உடம்பு அகலம், வாய் 40ஐ நல்லா மிஞ்சும். உங்கடது அந்த நீளத்திலேயே 40க்கு நிக்குது. விளிம்பில அரத்தடம் இல்லையெண்டால் சந்தேகமே இல்லை. திருகோணமலை 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படைத் தளம், ஆனபடியால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததில் புதுமை இல்லை.

இ: இரண்டும் 110தான், அதால நீளம் உதவாது. நகத்தை உடம்பிலயிருந்து அடிப்பக்கம் வழுக்கி விடுங்கோ. தவாளிப்பு (சுத்திவர இருக்கிற பள்ளம்) தாண்டினதும் விளிம்பு உடம்பைவிட உள்ளுக்க இறங்கியிருந்தால் ஒர்லிக்கன். அந்தப் பீரங்கியில் ரவையோட அதைப் பின்னால தள்ளுற பூட்டின்ர தலையும் குழல் அறைக்குள்ள போகவேணும், அதுக்காகத்தான் விளிம்பைச் சிறுப்பிச்சது. விளிம்பும் உடம்பும் ஒரே மட்டமாய், தோளும் தெரிஞ்சால் ஹிஸ்பானோ, அது பெரும்பாலும் விமானத்தினது.

ஈ: சோவியத் 23×152, இரும்புக் கோது. இசட்யு-23, 1960இல் சேவைக்கு வந்த தரைப் பீரங்கி. எங்கட கடலில படகுகளில பூட்டினவை, எண்டாலும் பழங்காலக் கடற்படைச் சாமான் எண்டு விக்கிறவரை நம்பாதேங்கோ.

218 நீளத்தில 25 மி.மீ. கோதோ, 252இல் 37 மி.மீ. கோதோ கண்டால் எடுத்துவையுங்கோ. இலங்கைக் கடற்படைக்கு 1972இல் வந்த சீன ஷாங்காய் படகுகளில அந்த இரண்டு அளவுப் பீரங்கியும் இருந்தது.

ஒட்டுசுட்டான்_கோது

119க்குச் சொல்லியாச்சு. இ விளிம்பு உள்ளுக்கதான் இறங்குது. ஆவின்ர வாயில் அரத்தடம் இல்லை. களிம்பு?

முல்லைக்கரை

புளி போடவேண்டாம். விளக்குக்குச் சரி, கோதில செம்புநிறத் திட்டு விழும், மை எழுத்து இருந்தால் அதுவும் போயிடும். அமோனியா கலந்த பொலிஷும் வேண்டாம். பிரித்தானிய இந்தியாவில மாரியில் குதிரைலாயத்துக்குக் கிட்ட வைச்ச ரவைக் கோதுகள் தானாய் வெடிப்பு விட்டதுக்குக் காரணம் மூத்திரத்திலயிருந்து கிளம்பின அமோனியாதான். மாட்டுக்கொட்டிலும் அதே வேலை பார்க்கும், வீட்டுக்குள்ள எடுங்கோ.

கடலில கிடந்ததெண்டால் மழைத்தண்ணியில ஊறவைச்சு, தண்ணியைக் கிழமைக்கொருக்கா மாத்திக் கொஞ்ச வாரம் விடுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி உப்பு, அது சரிவராது. பிறகு நல்லாக் காயவைச்சு மெழுகு மெல்லிசாய்ப் பூசினால் போதும்.

பொறிப்பு மங்கலெண்டால் சுரண்டாமல் டோர்ச்சைச் சரிச்சுப் பிடிச்சுப் படம் எடுத்துப் போடுங்கோ. மெல்லிய தாளை வைச்சுப் பென்சிலால உரசினாலும் எழுத்து வரும்.