பாண்டியிலேருந்து கடலூர் வரைக்கும் கடற்கரையிலேயே குதிரையில வர முடியுமா?

மஞ்சக்குப்பத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு கடலூர் மஞ்சக்குப்பம், பதிமூணு வருஷமா பெங்களூர் வாசம். என் பொண்ணுக்கு பதினோரு வயசு, எட்டு மாசமா இங்க ஒரு கிளப்புல குதிரை ஏத்தம் கத்துக்கறா, நடையும் ட்ராட்டும் (மெதுவான ஓட்டம்) நல்லா வந்துடுச்சு, அதை விட வேகமான கேன்டர் இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க. வெளிநாட்டுல கடற்கரை, தென்னந்தோப்பு, வயக்காடுன்னு ஒரு வாரம் குதிரையிலேயே சுத்தற டூர் எல்லாம் இருக்குதாம், அந்த வீடியோவப் பார்த்துட்டு "நம்ம ஊர்லயும் கடல் இருக்கு, தோப்பு இருக்கு, நாம ஏம்ப்பா போகக்கூடாது"ன்னு கேக்கறா, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

பொங்கலுக்கு ஊருக்கு வரோம், மூணு நாள் ஒதுக்கலாம். பாண்டியில ஏறி கரை ஓரமாவே வந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுல எறங்கறதுதான் என் கணக்கு, ரோட்டுல பார்த்தா இருபத்தஞ்சு கிலோமீட்டர் கூட வராது, மெதுவா வந்தாலும் முடிஞ்சிடும் இல்ல? நானும் அவளும்தான் ஏறுவோம். எனக்கு வயசு 43, எடை 94 கிலோ.

இன்னொண்ணு. எனக்கு ஆறேழு வயசு இருக்கும், எங்கப்பா என்னை பீச்சுல குதிரையில ஒரு ரவுண்டு ஏத்தி விட்டாரு. எறங்கும்போது சேணம் கொஞ்சம் நகர்ந்துது, அதுக்கு அடியில கை அகலத்துக்கு ரணம், ஈ மொய்ச்சிக்கிட்டு இருந்துது. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் குதிரையில ஏறினதில்ல. என் பொண்ணு ஏறுற குதிரை அப்படி இருக்கக்கூடாது, அதை எப்படிப் பார்த்துத் தெரிஞ்சிக்கறதுன்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வீராம்பட்டினம்_கரை:

தம்பி, நான் குதிரை ஏறுனவன் கெடையாது ஆனா இந்தக் கரைய நாப்பது வருஷமா நடந்தவன், அதனால வழிய மட்டும் சொல்றேன். நீ நெனைக்கிற மாதிரி ஒரே மூச்சா கரையிலேயே வர முடியாதுப்பா. பாண்டி டவுனை வுட்டு தெக்கால வந்தா முதல்ல அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரம், அங்கதான் துறைமுகமும் இருக்கு, அதத் தாண்டி எங்க வீராம்பட்டினம், அப்புறம் சுண்ணாம்பாறு கடல்ல சேர்ற எடம், பாரடைஸ் பீச்சுன்னு படகுல கூட்டிப் போறாங்களே அதான், அதுக்குக் கீழ உங்க தாழங்குடா கிட்ட தென்பெண்ணை. இந்த மூணுலயும் குதிரைய எறக்கி நீந்த வுடலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. மேல பார்த்தா முழங்கால் தண்ணியா தெரியும், உள்ள இழுப்பு இருக்கும், மணல் மேடு வருஷத்துக்கு வருஷம் இடம் மாறிடும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலோட சாத்தனூர் அணைத் தண்ணியும் சேந்து பெண்ணையாத்துல எப்படி வந்துதுன்னு கடலூர்க்காரனுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பாலத்து வழியா சுத்திப் போகலாம்தான், ஆனா பாலம் இருக்கறது மெயின் ரோட்டுல, பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிச்சிக்கிட்டு ஓடற எடத்துல பதினோரு வயசுப் புள்ளைய குதிரை மேல வுடுவியா?

வடக்கால போகலாம்னு பார்த்தா அங்க வேற கதை. நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை மணலை தெக்குலேருந்து வடக்காலதான் தள்ளிக்கிட்டுப் போவுது, 80களோட கடைசில துறைமுகத்துக்கு கல்லு கட்டினதுலேருந்து அந்த மணல் எங்க பக்கமே தங்கிடுச்சு, வடக்க இருக்கற குப்பத்துக்குப் போய்ச் சேரல. அதனாலதான் டவுன் பீச்சுல பாறாங்கல்லா கொட்டி வெச்சிருக்காங்க, தந்திராயன்குப்பம் பக்கம்லாம் வீட்டு வாசல் வரைக்கும் கடல் வந்துடுச்சு, அலையைத் தடுக்க கடலுக்குள்ள கல்லால தூண்டில் வளைவு போட்டிருக்காங்க. குதிரை அந்தக் கல்லு மேல ஏறி எறங்கினா கால் போயிடும்.

குதிரைக்கு நல்ல கரைன்னா எங்க ஊர்லேருந்து சுண்ணாம்பாறு முகம் வரைக்கும் ஒரு துண்டு, அப்புறம் நரம்பை, மணப்பட்டு பக்கம் சவுக்குத் தோப்பு ஓரமா ஒரு துண்டு. ஆனா ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க, வலை காயப்போட்டிருப்போம், அது மேல குதிரை நடந்தா எங்களுக்கும் நட்டம், கால்ல வலை சுத்திக்கிச்சுன்னா அதுக்கும் ஆபத்து. காலையில போட் கரை ஏத்தற நேரம் கயிறு குறுக்கால இருக்கும். நண்டு வளையும் ஜாஸ்தி, காஞ்ச மணல்ல வேகமா ஓட்டாதீங்க.

செம்மண்_தடம்:

வீராம்பட்டினம் அண்ணன் சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டாம். நான் ஆரோவில் பக்கம் குடியிருக்கேன், பதினாறு வருஷமா குதிரை ஏறிக்கிட்டு இருக்கேன்.

சார், உங்க எடை விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆளும் சேணமும் சேந்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுங்கறது பொதுவா வெச்சிருக்கற கணக்கு. உங்க 94, சேணம் ஒரு எட்டு பத்து கிலோ, அப்ப குதிரை 500 கிலோவுக்கு மேல இருக்கணும். மார்வாரிக் குதிரை, அதான் ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு நுனி தொட்டுக்கற மாதிரி இருக்குமே, அது பெரும்பாலும் 350லேருந்து 450க்குள்ளதான். மணல்ல சமதரையை விட ஜாஸ்தி உழைக்கணும் அதுக்கு. அதனால பீச்சுல நீங்க ஏற வேண்டாம். பெரிய குதிரை இருக்கற எடத்துல, வேலி போட்ட ரிங்குக்குள்ள அரை மணி நேரம் ஏறிப் பாருங்க, அந்த பயமும் போகட்டும். பொண்ணோட சவாரிக்கு நீங்க சைக்கிள்ல வாங்க.

ஊர் விட்டு ஊர் போறதை விட ஒரே எடத்துல தங்கி தினம் ஒரு வழி போறது நல்லது. முதல் நாள் ரிங்குக்குள்ள மட்டும். எட்டு மாசம் கத்துக்கிட்ட பொண்ணு தன்னோட குதிரையில நல்லா ஏறுவா, ஆனா இங்க குதிரை புதுசு, எடம் புதுசு, திடீர்னு ஒரு நாய் குலைச்சா அது எப்படித் திரும்பும்னு அவளுக்குத் தெரியாது. ஆரோவில்ல ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் இருக்கு, முறையா கத்துத் தர எடம், இந்த மாதிரி சின்னப் பசங்களுக்கு என்ன ஏற்பாடு இருக்குன்னு அவங்ககிட்டயே கேளுங்க. ரெண்டாவது நாள் செம்மண் தடம், ரெண்டு பக்கமும் முந்திரிக்காடு, பனை, மழைத் தண்ணி அறுத்த ஓடை. ஜனவரில முந்திரி பூ எடுக்க ஆரம்பிச்சிருக்கும், விடியக்காலையில அந்த வாசனையும் குதிரை வேர்வை வாசனையும் சேந்து வரும் பாருங்க, எனக்கு அதுக்காகவே எழுந்திரிக்கத் தோணும். இல்ல தெக்கால தங்கறீங்கன்னா பாகூர் ஏரிக்கரைப் பக்கம் வயக்காட்டு வண்டிப் பாதை, ஆனா வரப்புல ஏத்தாதீங்க, சறுக்கினா குதிரை சேத்துல இடுப்பு வரைக்கும் எறங்கிடும். ஊர் எல்லையில அய்யனார் கோயில் மண் குதிரைங்க நிக்கும், நெஜக் குதிரை அதைப் பார்த்து மெரளும், முதல் தடவை என்னோடது பத்து நிமிஷம் அசையவே இல்ல, பக்கத்துல நின்னு பார்க்க விட்டேன், கடைசில மூக்கை நீட்டி மண் குதிரையோட காலை மோந்துட்டு தானா நடந்துது.

மூணாவது நாள்தான் கடல். ஆறு மணிக்கு கரையில இருக்கணும், எட்டரைக்கு எறங்கிடணும். அலை வந்து போன எடத்துல ஈரமா கெட்டியா ஒரு பட்டை இருக்கும், அதுலதான் குதிரை போகணும், மேல இருக்கற பொல பொல மணல்ல ஓட்டினா கால் நரம்பு இழுத்துக்கும். கடலைப் பார்க்காத குதிரைன்னா நுரை கால்கிட்ட வந்தவுடனே பக்கவாட்டுல துள்ளும், அதனால முன்னால ஒரு பழகின குதிரை போகணும். கேன்டர் வேணாம், ட்ராட் போதும். ஹெல்மெட் அவளோடதையே கொண்டு வாங்க. ஷூவுல சின்னதா குதிகால் இருக்கணும், பிளெயின் ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள்ள, அதான் கால் வெக்கற வளையத்துக்குள்ள, முழுசா நுழைஞ்சிடும், விழுந்தா இழுத்துக்கிட்டு ஓடும். அதை மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

கால்நடை_பண்ருட்டி:

நான் கால்நடை மருத்துவன். ரணம் பத்தி கேட்டீங்க இல்ல, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா இதைக் கேட்டுட்டு குதிரை ஏறுறவங்க ரொம்பக் கம்மி.

சேணம் போடறதுக்கு முன்னாடியே போயிடுங்க, அதுதான் முக்கியம். சேணம் போட்டு நிறுத்தி வெச்சிருந்தா கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா திரும்பி வந்துடுங்க. முதுகுத்தண்டு ரெண்டு பக்கமும் உள்ளங்கையால மெதுவா அழுத்திக்கிட்டே வாங்க, நல்ல முதுகுன்னா சும்மா நிக்கும், வலி இருந்தா முதுகைக் கீழ எறக்கும், காதைப் பின்னால மடக்கும். கறுப்பு, பழுப்புக் குதிரையில சேணம் உக்கார்ற எடத்துல மட்டும் திட்டா வெள்ளை முடி இருந்தா அது மச்சம் இல்ல, முன்ன ஒரு காலத்துல அங்க ரணம் இருந்து ஆறினது. பழசா இருந்து இப்ப தோல் நல்லா இருந்தா பரவால்ல, ஏன்னு கேளுங்க. முன்னங்கால் மேல ஒடம்போட சேர்ற எடத்துக்குப் பின்னால, சேணத்தோட வாரு கட்டற எடத்துலயும் கையை வுட்டுப் பாருங்க.

அடுத்து தண்ணி. கழுத்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளி விட்டா உடனே படியணும், கூடாரம் மாதிரி நின்னுச்சுன்னா ஒடம்புல தண்ணி இல்ல. உதட்டைத் தூக்கி ஈறை கட்டைவிரலால அழுத்தினா வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். ஒரு குதிரை சும்மா நின்னாலே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல குடிக்கும், நம்ம ஊர் புழுக்கத்துல வேலை செஞ்சா அதுக்கு ரெண்டு பங்கு, வேர்வையோட உப்பும் போயிடும். ஓய்வா இருக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28லேருந்து 44, தாடை எலும்புக்கு அடியில விரல் வெச்சா தெரியும், உங்க பொண்ணு அதைக் கத்துக்கட்டும்.

கடற்கரைக் குதிரைக்குன்னு தனியா ஒரு கெடுதல் இருக்கு. மணல் மேல புல்லைக் கொட்டித் தின்ன வுட்டா மணலும் சேந்து உள்ள போகும், குடல்ல தங்கி வயித்து வலி வரும், குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதனால சாதாரண வயித்து வலிகூட உசுருக்கு ஆபத்தா மாறும். சாணி ரெண்டு உருண்டையை ஒரு பக்கெட் தண்ணில கரைச்சு வெச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு அடியில கையை வுட்டுப் பாருங்க, மணல் நெருநெருன்னா அந்தக் குதிரையை சவாரிக்கு எடுக்காதீங்க, ஓனர்கிட்ட சொல்லுங்க. கடல்ல போயிட்டு வந்தா நல்ல தண்ணில காலும் வயிறும் கழுவி விடணும், உப்பு காஞ்சா வாரு எடத்துல உரசி ரணம் ஆகும். நீங்க பார்த்த ரணம் அப்படி ஆரம்பிச்சதாக்கூட இருக்கலாம்.

இன்னும் ஒண்ணு, பங்குனி ஆமைன்னு சொல்ற கடல் ஆமை ஜனவரிலேருந்து முட்டை போட கரை ஏறும். மேட்டு மணல்ல குதிரைய ஏத்தாதீங்க. உங்களுக்கும் பொண்ணுக்கும் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பார்த்துட்டு வாங்க.

மஞ்சக்குப்பத்தான்:

மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அண்ணே, முகத்துவாரத்தை நான் யோசிக்கவே இல்ல, சின்ன வயசுல தாழங்குடாவுல குளிச்சவன், மறந்து போச்சு. பாண்டி டு கடலூர் கேன்சல். செம்மண்_தடம் மேடம் சொன்ன மாதிரி ஒரே எடத்துல தங்கறோம். எடை விஷயத்துல எனக்கு வருத்தமே இல்ல, சைக்கிள் ஏற்பாடு பண்ணிடறேன்.

மஞ்சக்குப்பத்தான்:

போயிட்டு வந்துட்டோம், சொல்லணும்னு தோணிச்சு. முதல்ல ஒரு எடத்துல சேணத்தைக் கழட்டச் சொன்னேன், "சார் டைம் இல்ல"ன்னாரு, வந்துட்டோம், பொண்ணு கார்ல அழுதா. ரெண்டாவது எடத்துல நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே முதுகைத் தொட்டுப் பாரும்மான்னு அவர் சொன்னாரு. பழுப்புப் பெண் குதிரை, பதினாலு வயசு. பொண்ணு தாடைக்கு அடியில விரலை வெச்சு, என் வாட்சைப் பார்த்து 38ன்னு எண்ணினா.

மூணாவது நாள் காலையில தண்ணி நல்லா வத்தியிருந்துது, ஈர மணல் ரோடு மாதிரி. ரெண்டே கிலோமீட்டர்தான் போனாங்க, போக ஒண்ணு வர ஒண்ணு. நான் சைக்கிளைத் தோப்புல சாத்திட்டு வெறுங்காலோட கூடவே நடந்தேன், வலைக்காரங்க எழுந்து நின்னு வழி விட்டாங்க. ஒரு எடத்துல டிராக்டர் டயர் தடம் மாதிரி மேட்டு மணலுக்கு ஏறிப் போயிருந்துது, ஆமைத் தடம்னு கூட வந்தவர் சொன்னதும் பொண்ணே கடிவாளத்தை இழுத்து நிறுத்திட்டா.

திரும்பி வந்து குழாய்த் தண்ணில காலைக் கழுவினோம். சேணம் எடுத்தப்புறம் முதுகுல வேர்வை சமமா ரெண்டு பக்கமும் படிஞ்சிருந்துது, முடி ஒரு எடத்துலகூட கலையல. நான்தான் துடைச்சு விட்டேன். கை வெச்சப்ப தலையைத் திருப்பி என் சட்டைப் பாக்கெட்டை மோந்துது, கேரட் வாங்கிட்டுப் போகலையேன்னு இருந்துது.

செம்மண்_தடம்:

அடுத்த தடவை ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போங்க சார், நீளவாக்குல வெட்டிக் குடுங்க, வட்டமா வெட்டினா தொண்டையில சிக்கும். பொண்ணுகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க.