அம்மா வீட்டில்தான் இருக்கிறார், வீடோ காலி என்கிறது: புளூடூத் பீக்கன் வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மொட்டைமாடி (மதுரை):

போன திங்கட்கிழமை இரவு எட்டே கால் மணி. அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஊரில் இல்லை. நான் தயிர் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். போன ஐந்தாவது நிமிடம் வீட்டில் எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன. மின்வெட்டு என்று நினைத்து அம்மா மெழுகுவத்தியைத் தேடியிருக்கிறார். எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் இது, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தானாக அணைக்க நான் செய்துவைத்த அமைப்பின் வேலை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. தயிரோடு திரும்பியபோது வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று அறிய நான் முதலில் நம்பியது வைஃபையை. கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. ஆனால் திரை அணைந்து சற்று நேரமானால் சில கைப்பேசிகள் தூங்கிப்போய் இணைப்பை விட்டுவிடுகின்றன. அடுத்து அசைவை உணரும் பிஐஆர் சென்சார். அப்பா நாளிதழ் படிக்க உட்கார்ந்தால் பக்கம் திருப்புவதைத் தவிர வேறு அசைவே கிடையாது. அவரை அது ஆளாகவே மதிக்கவில்லை.

அதனால்தான் பீக்கனுக்கு வந்தேன். தெரியாதவர்களுக்காக: பேட்டரியில் ஓடும் இந்தச் சிறு புளூடூத் கருவி மாட்டின் கழுத்துமணி மாதிரி. மணிக்கு மாடு எங்கே மேய்கிறது என்று தெரியாது, ஒலிப்பது மட்டும்தான் அதன் வேலை. கேட்பவர்தான் சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கவேண்டும். பீக்கனும் நொடிக்குச் சில முறை தன் அடையாள எண்ணைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் அறைக்கொரு ஈஎஸ்பி32 பலகையை (புளூடூத்தும் வைஃபையும் உள்ள சிறு மின்னணுப் பலகை) வைத்து, அதில் பீக்கன்களைக் கேட்கும் ஈஎஸ்பிரெசென்ஸ் மென்பொருளை ஏற்றினேன். எந்தப் பலகைக்குச் சிக்னல் பலமாகக் கேட்கிறதோ அந்த அறையில் ஆள் இருப்பதாக, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒரு மீட்டரில் என் பீக்கன் காட்டிய சிக்னல் பலம் மைனஸ் 59 டிபிஎம். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையவேண்டும் என்பது கணக்கு. வீட்டுக்குள் இந்தக் கணக்கு நடப்பதே இல்லை. நான் ஒரே நாற்காலியில் அசையாமல் இருக்கும்போதே எண் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் ஏறி இறங்குகிறது.

இருந்தும் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஏன் இந்தத் தோசைக் கூத்து? அப்பாவுக்கும் எனக்கும் பீக்கன் சாவிக்கொத்தில் இருக்கிறது. அம்மாவிடம் சாவிக்கொத்து இல்லை, எனவே அவருடைய கைப்பையில் போட்டிருந்தேன். பை எப்போதும் நாற்காலியில்தான் தொங்கும். அன்று அதை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சிக்னல் அதோடு அடக்கம். நான் வெளியே போனதும், காதில் விழுந்துகொண்டிருந்த கடைசி மணியும் நின்றது. வீடு காலி என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டது.

என் கேள்வி இதுதான்: வீட்டில் இருக்கும்போது சாவியும் பையும் தூக்கித் திரியாதவர்களுக்கு நீங்கள் பீக்கனை எங்கே வைத்தீர்கள்?

இரவுப்பணி (ஓசூர்):

உங்கள் அம்மா நின்றது இருட்டில், நான் கிடந்தது வியர்வையில். இரவு வேலை, பகலில் தூக்கம். பீக்கன் கால்சட்டைப் பையில். புரண்டு அதன்மேலேயே படுத்துவிட்டால் சிக்னல் பாதாளத்துக்குப் போய்விடும். நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், புளூடூத் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். ஏப்ரல் மாதத்துப் பகல், ஏசி தானாக அணைந்துவிட்டது. நான் வெளியே போய்விட்டேனாம்.

அதன்பிறகு இரண்டு விதி வைத்தேன். முதல் விதி: வருகையை உடனே நம்பு, போனதை மெதுவாக நம்பு. பீக்கன் கேட்ட நொடியில் ஆள் வந்தாயிற்று. கேட்காமல் போனாலோ பத்து நிமிடம் காத்திரு. இரண்டாவது விதிதான் என் பிழைப்பைக் காப்பாற்றியது: வாசல் கதவில் காந்த சென்சார் ஒன்று ஒட்டியிருக்கிறேன். கடைசியாக ஆளைப் பார்த்த பிறகு அந்தக் கதவு ஒரு முறையாவது திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லையா, பீக்கன் செத்தே போனாலும் ஆள் உள்ளேதான். சுவரைத் துளைத்துக்கொண்டு நான் எங்கே போகப்போகிறேன்? ஆனால் உங்கள் கதைக்கு இது முழு மருந்தாகாது நண்பரே. நீங்கள் தயிர் வாங்கக் கதவைத் திறந்திருக்கிறீர்களே.

கணக்குப்பிள்ளை:

பேட்டரி பற்றி ஒரு வரி. சிஆர்2032 காசு பேட்டரியில் கிடைப்பது சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. ஆப்பிள் வகுத்த ஐபீக்கன் முறைப்படி 100 மில்லிநொடிக்கு ஒரு முறை கூவவிட்டேன், மூன்று மாதத்தில் தீர்ந்தது. ஒரு நொடிக்கு ஒரு முறை என்று மாற்றிய பிறகு ஒரு வருடம் தாண்டி ஓடுகிறது. அறை மாறுவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். இன்னொன்று, வீட்டில் சிறு குழந்தை இருந்தால் திருகாணி போட்டு மூடும் பீக்கனாக வாங்குங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் புண் உண்டாகிவிடும். வேடிக்கையில்லை.

ஈசூன்வாசி (சிங்கப்பூர்):

இரும்பு பீரோ என்றதும் சிரித்துவிட்டேன். எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுக்குள் ஓர் அறையே இரும்பு பீரோதான். குண்டுவீச்சிலிருந்து பாதுகாப்புக்கென்று கட்டிய புகலிட அறை: தடித்த கம்பிக் கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. சமாதான காலத்தில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் அங்கேதான். என் மனைவி அதற்குள் போய்க் கதவைச் சாத்தினால் அமைப்பின் கணக்கில் அவர் இந்தத் தீவிலேயே இல்லை.

அவருக்கு நானும் ஒரு பீக்கன் வாங்கிக்கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மேசை இழுப்பறையில் கிடந்தது. "என் கையில் எப்போதும் இருப்பது கைப்பேசி. அதைக் கேட்காமல் இதை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். நியாயம்தான். சிக்கல் என்னவென்றால் ஐபோன் தன் புளூடூத் முகவரியைச் சுமார் கால்மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும், வழியில் போகிறவர்கள் யாரும் பின்தொடரக்கூடாது என்பதற்காக. ஆனால் ஒவ்வொரு போலி முகவரியும் ஒரே இரகசியச் சாவி எண்ணிலிருந்து பிறப்பது. அந்தச் சாவி நம்மிடம் இருந்தால் எல்லா வேடத்திலும் ஆளை அடையாளம் காணலாம். ஹோம் அசிஸ்டன்டில் இதற்கான வசதி 2023இல் வந்தது. சாவியை எடுப்பதற்குள் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது, ஹோம் அசிஸ்டன்ட் செயலியே கைப்பேசியை ஐபீக்கனாகக் கூவவைக்கும்.

சந்தேகப்பிராணி (திருச்சி):

கேட்டதற்கு நேர் பதில் இல்லை, மன்னிக்கவும். கல்லூரியில் படிக்கும் என் மகளின் பையில் ஒரு பீக்கனைக் கோத்துவிட்டேன். படிக்கும் அறையில் விளக்கு தானாக எரியட்டும் என்றுதான் செய்தேன், சத்தியமாக. ஒரு நாள் மூன்று மணி நேரம் அவள் படிக்கும் அறையைவிட்டு நகரவே இல்லை என்று வரைபடம் காட்டியது. பூரித்துப்போய் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பை மேசைமேல் இருந்தது. அவள் மாடியில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இனிமேல் பையோடு பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாள். வரைபடத்தை எடுத்துவிட்டேன். இப்போது அவளைப் பற்றி அமைப்புக்குத் தெரிவது வீட்டில் இருக்கிறாள் அல்லது இல்லை என்ற இரண்டு சொல் மட்டும்.

பூட்டு திறக்கப் பீக்கனைப் பயன்படுத்த நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். ஐபீக்கன் தன் எண்ணை மறைப்பில்லாமல் ஊருக்கே சொல்கிறது. தெருவில் நின்று அதைக் கேட்டு, அதே எண்ணைத் திருப்பிக் கூவ ஒரு மலிவான பலகை போதும். விளக்குக்குச் சரி, கதவுக்குக் கூடாது.

மொட்டைமாடி (மதுரை):

எல்லோருக்கும் நன்றி. கதவு விதியை அன்றே போட்டுவிட்டேன். அம்மாவின் சேலையில் ஊக்கு போட்டுப் பீக்கனைக் குத்தலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "நான் என்ன மாடா?" என்றார். கழுத்துமணி உவமையை அவரிடமும் சொல்லித் தொலைத்திருந்தேன். கைப்பேசியும் ஆகாது. அவருடையது பெரும்பாலும் பூஜை அலமாரியில் சார்ஜில்தான் கிடக்கும்.

சமையலறையில் ரேடார் சென்சார் ஒன்று வைத்தேன், எல்டி2410 என்ற வகை. 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, அசையாமல் நிற்பவரின் மூச்சு அசைவைக்கூடப் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கிறது. கூடவே புகைபோக்கி மின்விசிறியையும் ஆளாகப் பிடிக்கிறது. இடத்தை மாற்றி, உணர்திறனைக் குறைத்து, இப்போது பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்கிறது.

மீதி இரண்டு முறைக்கு அம்மாவே வழி சொன்னார். சமையலறைச் சுவரில் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் "நான் இருக்கிறேன்" என்று பொருள். மறுபடி அழுத்தும்வரை எந்தப் பீக்கன் என்ன சொன்னாலும் அமைப்பு எதையும் அணைக்கக் கூடாது. அரைமணி நேர வேலை.

நேற்று அதை அழுத்திவிட்டுப் பிரதோஷத்துக்குக் கோவிலுக்குப் போய்விட்டார். இரவு ஒன்பது மணிவரை காலி வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.