புதுப்பிப்பு: வூவ்ரே போய் வந்தாச்சு

பாரிஸிலிருந்து கார் இல்லாமல் ஒரே நாளில் லுவார் நதிக்கரையில் ஒரு ஒயின் கிராமம் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் வூவ்ரே என்றீர்கள். முடிகிறது.

மோன்பர்னாஸ் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலைப் பிடித்தால் தூர் நகரம் ஒரு மணி நேரச் சொச்சம். அங்கிருந்து சுமார் 10 கி.மீ., பஸ்ஸில் போனேன். தப்பு என்னுடையதுதான்: பகல் 12 மணி தாண்டி இறங்கினேன். சாப்பாட்டு நேரம், ஒயின் கிடங்குகளின் எல்லாக் கதவும் அடைப்பு. சரி என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து ரொட்டியும் சாம்பல் பூசிய ஆட்டுப்பால் சீஸும் தின்றேன். சீஸின் நடுவே நீளமாக ஒரு வைக்கோல் தண்டு இருக்கும், தெரியாமல் கடித்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மேல் ஒரு குகைக் கிடங்குக்குள் விட்டார்கள். வீடு கட்ட துஃபோ என்ற வெளிர் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்ததில் உண்டான குகைகள்தான் இன்று ஒயின் கிடங்குகள். சுவரை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. உள்ளே கோடையிலும் 12 டிகிரிதான். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

ஷெனின் என்ற ஒரே வெள்ளைத் திராட்சையில் இனிப்பில்லாத ஒயின், அரை இனிப்பு, தேன் போன்றது, நுரைப்பது என எல்லாம் செய்கிறார்கள். அந்த வருட வெயில்தான் எது அதிகம் என்று முடிவு செய்யுமாம். எனக்குப் பிடித்தது அரை இனிப்பு. இரண்டு பாட்டில் வாங்கினேன், ஒன்று ரயிலிலேயே பாதி காலி.