லண்டனுக்குப் புதிதா? பக்கத்து வீட்டுக் கரீபியன் மக்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், நான் சொல்வது வேறு. பிரிக்ஸ்டன், லூயிஷம், டாட்டன்ஹாம் பக்கம் குடிவந்திருந்தால் உங்கள் தெருவிலேயே ஜமைக்கா, ட்ரினிடாட், பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும். கோயில், தமிழ்க் கடை, வேலை என்று மட்டும் இருந்துவிட்டு அவர்களோடு பேசாமலேயே வருடங்களை ஓட்டிவிடாதீர்கள். கையில் காசில்லாத காலத்திலும் சேர்ந்து நின்று ஊருக்குச் செய்தவர்கள் அவர்கள்.

1948-இல் விண்ட்ரஷ் என்ற கப்பலிலும் அதற்குப் பின்னாலும் கரீபியனிலிருந்து வந்தவர்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு, பல வீட்டுக்காரர்கள் நிறத்தைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள். அப்போது கைகொடுத்தது 'பார்ட்னர்'. நம் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலமோ தள்ளுபடியோ கிடையாது. எல்லோருக்கும் நம்பிக்கையான ஒருவர் வாராவாரம் பணம் வாங்கி வைப்பார், முறைப்படி ஒவ்வொருவருக்கும் மொத்தத் தொகை போகும், அதை முன்பணமாகக் கட்டி வீடு வாங்கிய குடும்பங்கள் ஏராளம். 1964-இல் வட லண்டன் ஹார்ன்சியில் கரீபியன் மக்கள் ஒரு கிரெடிட் யூனியனையே, அதாவது உறுப்பினர்கள் சேர்ந்து சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தையே தொடங்கினார்கள், பிரிட்டனின் முதல் கிரெடிட் யூனியன்களில் அதுவும் ஒன்று. நீங்களும் உங்கள் பகுதி கிரெடிட் யூனியனில் சேருங்கள். கடனுக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க இங்கே சட்டம் விடாது, சேமிப்புக்கும் பாதுகாப்பு உண்டு. ஆள் தெரியாமல் யாரிடமும் சீட்டு மட்டும் போட வேண்டாம்.

அப்புறம் பிள்ளைகள் படிப்பு. கரீபியன் பிள்ளைகளை 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பெற்றோர் சும்மா இருக்கவில்லை, வீட்டுக் கூடத்திலும் சர்ச் மண்டபத்திலும் சனிக்கிழமைப் பள்ளி நடத்தினார்கள். ட்ரினிடாடிலிருந்து வந்த ஜான் லா ரோஸ் 1969-இல் தன் வீட்டிலேயே ஒன்றைத் தொடங்கினார். இப்படிப்பட்ட பள்ளிகள் இன்றும் நடக்கின்றன, கணக்கோ அறிவியலோ சொல்லித்தர ஆள் கிடைத்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள். பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்கள், அது எல்லோருக்கும் உள்ள நடைமுறை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று ரத்தம். அரிவாள் செல் நோய் (சிக்கிள் செல்) என்ற பரம்பரை ரத்த நோய் இந்தச் சமூகத்தை ரொம்பவே வாட்டுகிறது, நோயாளிகள் பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். நோயாளிகளும் பெற்றோரும் மருத்துவத் துறையினரும் கூடி 1979-இல் தொடங்கிய சிக்கிள் செல் சொசைட்டி இன்றும் இதற்காக உழைக்கிறது. ரத்ததானம் செய்ய நினைத்தால் மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் காத்திருந்து பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். ரத்தப் புற்றுநோய் போன்ற நோய் உள்ளவர்களுக்கு ஸ்டெம் செல் (குருத்தணு) கொடுக்க முன்வருபவர்களின் பதிவேட்டில் பெயர் கொடுக்கவும் விட்டுவிடாதீர்கள், கறுப்பினத்தவருக்குப் போலவே தெற்காசியர்களுக்கும் பொருத்தமான கொடையாளர் கிடைப்பது கஷ்டம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பக்கத்து நூலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், இல்லையென்றால் கரீபியன் முதியோர் மதிய உணவு நடக்கும் மண்டபத்துக்குப் போய் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். முதல் நாளே யோசனை சொல்லப் போகாதீர்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், பாத்திரம் கழுவுங்கள், அடுத்த வாரமும் போங்கள்.